உடல்மீட்புச் செயலியும் வலியின் தமிழும்



மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியோர் உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் சொக்சோ நிறுவனம் மலாக்காவில் இதற்கெனப் பெரியதொரு மையத்தை நடத்துகிறது. ஆயினும் சிம்பாங் ரெங்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வாழும் முதியவர் ஒருவர் குளுவாங் மருத்துவமனைக்குச் சென்று சிகிச்சையாளருடன் இருப்பது சிறுபொழுதே. எஞ்சிய நாள்களில் வீட்டில் தாமே பயிற்சி செய்தாக வேண்டும். அங்கேதான் கைப்பேசிச் செயலி துணைக்கு வருகிறது.

செயலியை அமைப்போர் முதலில் மூளையின் இயல்பை அறிதல் வேண்டும். பக்கவாதத்தால் மூளையின் இடப்பாதி பழுதுற்றால் வலக்கை தளர்கிறது. மொழியாற்றலும் பெரும்பாலோர்க்கு அப்பாதியிலேயே அமைந்திருப்பதால், பலருக்கு அதுவும் குன்றுகிறது. அவர்களுக்கு நீண்ட எழுத்துக் குறிப்பு உதவாது. அசைவைக் காட்டும் படம் வேண்டும். வலப்பாதி பழுதுற்றோருள் சிலர், கண் தெரிந்தும் இடப்பக்கத்தைக் கவனியார். 'நிறுத்து' பொத்தானைத் திரையின் இடவோரத்தில் வைத்தால், அவர்களுக்கு அது இல்லாததே.

இனி மொழிக்கு வருவோம். 2005இல் நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுத வழிதிறந்தது. எழுத்து வந்துவிட்டது, சொல்தான் சிக்கல்.

செயலிகள் பொதுவாக 'வலி எவ்வளவு?' என 0 முதல் 10 வரை எண் கேட்கின்றன. நம் பாட்டிமார் எண்ணில் பேசுவதில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, மதமதப்பு என்கின்றனர். பழக்கமற்ற தசை உழைத்ததால் எழும் கடுப்பு பெரும்பாலும் சில நாள்களில் அடங்கும். மூட்டில் திடீரெனக் குத்தினால் பயிற்சியை நிறுத்தியாக வேண்டும். இரண்டுக்கும் அவர் 6 என்றே விரல் வைக்கக்கூடும்.

'வலக்கையை உயர்த்துக' என்பதும் அப்படியே. வலக்கையைச் சோற்றுக்கை என்றே அறிந்தவர், அது தளர்ந்து இடக்கையால் உண்ணத் தொடங்கிய பின் எந்தக் கையை உயர்த்துவார்? 'தளர்ந்த கை', 'நல்ல கை' எனல் தெளிவு. ஏவலும் 'நீட்டுங்கள்' என்றே அமைக. 'நீட்டு' என்று அதட்டும் கைப்பேசியைப் பாட்டி மூடி வைத்தால், அது நியாயமே.

மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் வலிக்கு வழங்கும் சொற்களைத் திரட்டித் தாருங்கள். எவை பொறுக்கத்தக்கவை, எவை நிறுத்தச் சொல்பவை என்பதைச் சிகிச்சையாளரோடு அமர்ந்து பிரிப்போம்.