துளையிடும் இயந்திரத்தின் அளவை அறிவோம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கலப்பையும் டிரெய்லரும் பழுதுற்றால் ஊரிலேயே சீர்செய்துகொள்ளப் பொதுப் பட்டறை அமைக்க முன்வந்துள்ளீர்கள். அதற்கு இன்றியமையாதது துளையிடும் இயந்திரம். விலைப்புள்ளி கேட்டால், ஒருவர் ‘13 மில்லிமீட்டர் இயந்திரம்’ என்பார். மற்றொருவர் ‘15 அங்குல இயந்திரம்’ என்பார். இவற்றுள் எது பெரிது?

முன்னொரு முறை நாங்கள் எண்ணை மட்டும் நம்பி ஓர் இயந்திரம் வாங்கினோம். டிரெய்லர் தகட்டின் நடுவில் துளையிட முற்பட்டபோது, தகடு தூணில் முட்டி நின்றது. விதைப்புக் காலத்தில் அதனை நகரத்திற்கே அனுப்ப நேர்ந்தது. அந்தத் தவறு உங்களுக்கு நேர வேண்டாம்.

நம் நாட்டில் பெரும்பாலும் 13, 20, 25 மில்லிமீட்டர் என்று கூறப்படுவது, மெல்லெஃகில் இடக்கூடிய மிகப் பெரிய துளையின் விட்டமாகும். 13 மில்லிமீட்டர் ஏறத்தாழ அரை அங்குலம். ஆனால், ‘சக்’ 16 மில்லிமீட்டர் பிட்டைப் பிடிப்பதனாலேயே, மோட்டார் அத்துளையை இரும்பில் இட்டுவிடும் என்று கருதலாகாது.

அங்குலக் கணக்கு அமெரிக்க வழக்கம். பிட்டின் மையத்திலிருந்து தூண் வரையுள்ள தொலைவின் இருமடங்கே அந்த எண். ஆகவே, 15 அங்குல இயந்திரத்தில் அத்தொலைவு ஏழரை அங்குலம். 15 அங்குல அகலத் தகட்டின் நடுவில் துளையிடலாம். 18 அங்குலத் தகட்டின் நடுவை, அதாவது 9 அங்குலத்தை, எட்ட முடியாது.

இன்னும் இரண்டு அளவுகள் உண்டு. பிட் ஒரே இறக்கத்தில் செல்லும் ஆழம் ஒன்று. சக்கிற்கும் மேசைக்கும் இடையேயுள்ள உயரம் மற்றொன்று. பிட்டின் நீளமும், பொருளைப் பிடிக்கும் வைஸும் இவ்வுயரத்திற்குள் அடங்க வேண்டும்.

எனவே, வாங்குமுன் உங்கள் ஊரில் பழுதாகும் கருவிகளை அளந்து பாருங்கள். மிகப் பெரிய துளை எவ்வளவு? ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே? எவ்வளவு ஆழம்? பொருளின் உயரம் என்ன? இந்நான்கையும் தீர்மானத்தில் எழுதி, விலைப்புள்ளியிலும் நான்கு அளவுகளையும் எழுதித் தருமாறு கேளுங்கள். இயந்திரம் வந்து இறங்கியதும் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

செலவாவது ஊர்ப் பணம். வேலையை அளந்து இயந்திரத்தை வாங்குவோம். அப்போது பட்டறை பருவத்தில் கைகொடுக்கும்.