கடல் கடந்த மடல்கள்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மலருக்காகப் பழைய கடிதங்களைப் பார்த்துத் தருமாறு செயலாளர் என்னிடம் ஒரு தகரப்பெட்டியை ஒப்படைத்தார். பத்தாண்டுகளாக உறுப்பினர்கள் எழுதிய அஞ்சலட்டைகளும் கூட்டக் குறிப்பேடுகளும் அதனுள் இருந்தன. மலருக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கழித்துவிடலாம் என்றொரு கருத்தும் செயற்குழுவில் எழுந்தது. இடமின்மையே காரணம் என்பதை அறிவேன். அக்கருத்துக்கு மறுமொழியாகவே இவ்வுரையை அமைத்துக்கொண்டேன். கவிஞர்கள் நிறைந்த அவையில் உழவுச் சங்கங்களின் கடிதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன், பொறுத்தருள வேண்டும்.

1785-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வேளாண்மை வளர்ச்சிக்கென ஒரு சங்கம் தோன்றியது. பெஞ்சமின் பிராங்கிளின் அதன் உறுப்பினர். ஜார்ஜ் வாஷிங்டன் மதிப்புறு உறுப்பினர். அச்சங்கத்தாரின் முதன்மைக் கருவி கடிதமே. சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ரிச்சர்டு பீட்டர்ஸ் ஒரு நீதிபதி. ஜிப்சத்தை நிலத்தில் இட்டால் விளைச்சல் பெருகுமா என்று அறிய விரும்பிய அவர், வினாக்களை வரிசைப்படுத்தி உழவர் பலருக்கும் அனுப்பினார். வந்த விடைகளைத் தொகுத்து 1797-இல் நூலாக வெளியிட்டார். சங்கத்தின் கட்டுரைகளும் மடல்களும் அடங்கிய முதல் தொகுதி 1808-இல் வந்தது. கேட்டல், எழுதுதல், அச்சேற்றுதல் என்னும் மூன்றினால் தனித்தனி உழவரின் பட்டறிவு பொதுவுடைமையாயிற்று.

அதே காலத்தில் நம் சென்னையில், சங்கம் ஏதும் இல்லாமலே, ஒரு மருத்துவர் இப்பணியைச் செய்துவந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன். கும்பினியின் மருத்துவத் துறையில் உயர் பதவி வகித்த இவர், நுங்கம்பாக்கத்தில் ஒரு தாவரத் தோட்டத்தை வளர்த்தார். அந்நாளில் சிவப்புச் சாயம் பொன்னுக்கு நிகரானது. கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து அது எடுக்கப்பட்டது. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் கையில் அவ்வணிகம் இருந்தது. சென்னைப் புல்லொன்றில் அதனை ஒத்த பூச்சியைக் கண்ட ஆண்டர்சன், 1786-இல் இலண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதத் தொடங்கினார். அக்கடிதங்களை 1788-இல் சென்னையிலேயே அச்சிட்டார். உண்மையான பூச்சியை அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது குறித்த கடிதப் போக்குவரத்தும் பின்னர் நூலாயிற்று. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைந்தது; ஆண்டர்சனின் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதனைக் கண்காணித்தார்.

1795-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பலில் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது தரம் குறைந்த காட்டினம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. எனினும் அப்பூச்சி புகுந்த இடத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் மடிந்தன. 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தென்னாட்டு நிலங்களை அடைத்திருந்த கள்ளியை ஒழிக்கவே அப்பூச்சியை வடக்கிலிருந்து கொணர்ந்து விட்டனர். பூச்சியைக் கொண்டு களையை வென்ற உலகின் முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அறிவியலார் இதனைப் போற்றுவர். ஒரு தலைமுறையின் தோல்வி மறு தலைமுறைக்குப் பயன்பட்டது. வெற்றியை மட்டும் பாதுகாத்து, தோல்வியைக் கழித்திருந்தால் இக்கதை நமக்குக் கிட்டியிராது.

1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் முறையாகத் தோன்றியது. அதன் தொடக்கத்தில் முன்நின்றவர் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட். கதீட்ரல் சாலையில் சங்கத்தின் தோட்டம் வளர்ந்தது. 2010-இல் அச்சாலையில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும் ஒருகாலத்தில் அச்சங்கத்தின் வசமிருந்த நிலமே. அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்க அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கும்பினி வரவழைத்தபோது, கோவைப் பகுதியில் அம்முயற்சியை 1842 முதல் மேற்பார்த்தவரும் வைட்டே. நிலமும் மழையும் வேறான இவ்விடத்தில் அவர்களுடைய முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

வைட்டின் புகழை நிலைநாட்டியது 1838 முதல் 1853 வரை வெளிவந்த தாவரப் படத்தொகுதி. அதிலுள்ள படங்கள் 2,101. அவருக்காகத் தாவரங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் பெயரையே சூட்டினார் வைட். பிற்கால வகைப்பாட்டில் அப்பேரினம் வேறொன்றில் அடங்கிவிட, அப்பெயரும் வழக்கொழிந்தது. எனினும் தொகுதி அச்சில் இருப்பதால் கோவிந்துவின் கை இன்றும் நம்மோடு பேசுகிறது.

இங்கேதான் நம் வடசென்னை வருகிறது. ஆண்டர்சனின் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. அவசர மடல்களைக் கட்டுமரக்காரர் கொண்டுசென்றனர். கப்பலில் வந்த விதை, செடி, பேங்க்ஸின் மறுமொழி எல்லாம் இந்தக் கரையோரத்து மக்களின் தோள்வழியே நகருக்குள் புகுந்தன. ராயபுரத்துப் புனித பேதுரு ஆலயத்தின் வரலாறே படகோட்டிகளோடு பிணைந்தது. ஆனால் ஆண்டர்சனின் அச்சுப் பக்கங்களில் கடிதம் எழுதியவர் பெயர் உண்டு. அதனை நனையாமல் கரை சேர்த்தவர் பெயர் இல்லை. அவர்களுக்கு ஒரு கோவிந்துவின் பேறுகூட வாய்க்கவில்லை.

இனி நம் பெட்டிக்கு வருகிறேன். அதிலிருந்த பல அட்டைகளில் கவிதைகள் உள்ளன. சில சுமாரானவை என்று ஆசிரியை என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துறைமுகத்தில் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், கூட்டத்துக்கு வர இயலாமைக்கு வருந்தி எழுதிய அட்டையில், சுமைதூக்குவோர் ஒருவரையொருவர் அழைக்கும் சொற்களை எழுதி வைத்திருக்கிறார். எண்ணூரிலிருந்து ஓர் உறுப்பினர், 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய வாரத்தில், மடவையும் இறாலும் நண்டும் பிடித்த தம் தந்தையார் அலையாத்திகளுக்கிடையே இருந்த ஒவ்வொரு மடைக்கும் வைத்திருந்த பெயர்களை வரிசையாகக் குறித்திருக்கிறார். கவிதை எழுத மனம் வரவில்லை, பெயர்களையாவது எழுதுகிறேன் என்பது அவர் வாக்கு. அகராதி எதிலும் நான் காணாத சொற்கள் அவை. முனைவர் பட்டத்துக்காக எத்தனையோ நூலகங்களில் அமர்ந்த எனக்கு, அந்த அட்டையின் முன் சற்று நாணமாகவே இருந்தது.

ஆகவே இவ்வவையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஓர் அட்டையையும் கழிக்க வேண்டா. ஆண்டுவாரியாக அடுக்கிப் பட்டியலிடுவோம். இடம் கிடைக்கும் வரை பெட்டி என் வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, பீட்டர்ஸைப் போல் நாமும் வினாக்களை அனுப்புவோம்: உங்கள் தெருவில், உங்கள் ஆலையில், உங்கள் படகில் வழங்கும் சொற்கள் எவை? மூன்றாவது, விடை எழுதியவர் பெயரோடு, அதனைச் சொன்னவர் பெயரையும் அவர் இசைவுடன் பதிவு செய்வோம். ஆண்டர்சன் விட்ட பிழையை நாம் செய்ய வேண்டா.

அடுத்த பத்தாண்டில் இம்மேடையில் நின்று பேசுபவர் யாராயினும், அவர் கையில் அந்தத் தகரப்பெட்டி கனமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.