ஆங்கிலத்தின் பிளவு வாக்கியம்

ஆங்கில வாக்கிய அமைப்பில் ஒரே ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

'ரவி ப்ரோக் தி விண்டோ' என்பது தனி வாக்கியம். அதையே 'இட் வாஸ் ரவி ஹூ ப்ரோக் தி விண்டோ' என்று சொன்னால் செய்தி இரண்டாகப் பிளந்துகொள்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1937-இல் வெளிவந்த 'அனலிட்டிக் சின்டாக்ஸ்' நூலில் இதைப் பிளவு வாக்கியம் என்றார். பெயர் நிலைத்துவிட்டது, அமைப்பைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

வழக்கு 'ஹூ' என்று தொடங்கும் பகுதியைப் பற்றியது. 'தி பாய் ஹூ ப்ரோக் தி விண்டோ' என்றால் அந்தப் பகுதி எந்தப் பையன் என்று வரையறுக்கிறது. ரவி என்ற இயற்பெயருக்கு அந்த வரையறை எதற்கு? 'இட் வாஸ் இன் மதுரை தட் ஐ மெட் ஹர்' என்பதிலோ, நடுவில் நிற்கும் 'இன் மதுரை' பெயரே அன்று. அதற்கு அடைமொழி சேர்க்கவே முடியாது. பின்பகுதி முதலில் 'இட்' என்பதோடு எழுவாயில் இருந்து, பிறகு கடைசிக்கு நகர்ந்தது என்று மொழியியலாளர் அட்ரியன் அக்மாஜியன் 1970-இல் வாதிட்டார். 'இட்' பொருளற்றது, எழுவாயின் இடத்தை நிரப்ப மட்டும் வந்தது என்பது எதிர்க்கட்சி.

நான் அக்மாஜியன் பக்கம் சாய்கிறேன். நம் மொழியைப் பாருங்கள். 'ஜன்னலை உடைத்தது ரவி' என்கிறோம். ரவி ஆண்மகன், ஆனாலும் 'உடைத்தது' என்று அஃறிணையாக வருகிறது. ஆங்கிலத்திலும் 'ஹி' வராமல் 'இட்' வருகிறது. 'நான் அவளைச் சந்தித்தது மதுரையில்' என்னும்போது வேற்றுமை உருபு மதுரையை விட்டுப் பிரியவில்லை. ஆங்கிலத்தில் 'இன்' பிரியாததைப் போலத்தான். 'உடைத்தது', 'சந்தித்தது' ஆகியவை தமிழில் வெளிப்படையாகவே எழுவாயாய் நிற்கின்றன. உறவே இல்லாத இரண்டு மொழிகள் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

இதைவிட முக்கியமானது, இந்த அமைப்பு கேட்பவரிடம் செய்யும் வேலை. 'இட் வாஸ்ன்ட் ரவி ஹூ ப்ரோக் தி விண்டோ' என்று மறுத்தால் ரவி தப்பிக்கிறான். ஆனால் யாரோ ஜன்னலை உடைத்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது. மறுப்பு பின்பகுதியைத் தொடுவதில்லை. குறுக்கு விசாரணையில் 'வாஸ் இட் அட் நைன் தட் யூ லெஃப்ட் தி ஹவுஸ்?' என்று கேட்டால், சாட்சி வெறுமனே ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வீட்டை விட்டு வெளியே போனதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். மொழியியலாளர் எலன் பிரின்ஸ் 1978-இல் இன்னொன்றையும் காட்டினார்: வாசகர் அறியாத புதுச் செய்தியையே எழுத்தாளர்கள் இந்தப் பின்பகுதியில் வைத்து, ஊரறிந்த உண்மைபோல் நடத்துகிறார்கள். வரலாற்று நூல்களும் நாளிதழ்களும் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்வதோடு இந்தப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். மாற்றிய வாக்கியம் எதைக் கேள்விக்கு அப்பால் நகர்த்திவிட்டது என்றும் மாணவர்களிடம் கேளுங்கள்.