குழல் ஈ கட்டக் கற்ற கதை



பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிடலாம்; பிறரைத் திருத்தும் பழக்கத்திலிருந்து ஓய்வு பெறுவது அரிது. அத்தகைய நான், அறுபத்தைந்தாம் வயதில், ஸ்காட்லாந்து நாட்டின் ஆபர்டீன் நகரில், ஒரு மேசைமுன் மாணவனாக அமர நேர்ந்தது. அங்கே பணிபுரியும் எங்கள் மகளுடன் ஒரு கோடைகாலம் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டு முதியவர் டீ ஆற்றில் சால்மன் மீனுக்குத் தூண்டில் போடுபவர். அவரிடம் நான் கற்ற பாடம், குழல் ஈ கட்டுதல்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவரும் மீன். திரும்பிய பின்னர் அது இரை தேடுவதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் வாழ்கிறது. உண்ணாத மீனுக்கு இரை எதற்கு? அதன் சினத்தையோ பழைய பழக்கத்தையோ தூண்டவேண்டும். அதற்காகவே மயிரும் சரிகையும் நூலும் கொண்டு போலி இரை ஒன்றைச் செய்கிறார்கள். அதற்கு ஈ என்று பெயர். உண்மையில் அது எந்தப் பூச்சியின் வடிவமும் அன்று. நீரில் உயிருள்ளதுபோல் அசைந்தால் போதும்.

முன்னாளில் நீண்ட இரும்பு முள்ளின்மீதே ஈயைக் கட்டினார்கள். முள்ளின் தண்டு நீளமாக இருந்தால் மீன் அதை நெம்பி உதறிவிடும். தப்பாத மீனோ ஈயைக் கடித்துக் குதறிவிடும். 1945-ஆம் ஆண்டையொட்டி இதே ஆபர்டீனில், மொராவ்ஸ்கி என்னும் பெண்மணி வான்கோழி இறகின் காம்பைக் குழலாக்கி, அதன்மேல் ஈயைக் கட்டினார் என்பர். பின்னர் இறகுக் காம்பின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய் பெற்றது. தூண்டில் இழையைக் குழலின் உள்ளே செலுத்தி, மறுமுனையில் சிறு முள்ளைக் கட்டுகிறார்கள். மீன் சிக்கியதும் ஈ இழைவழியே மேலே நழுவிவிடுகிறது. மீனின் வாயில் முள் மட்டுமே நிற்கிறது. முள் மழுங்கினால் அதை மாற்றலாம், ஈ கெடுவதில்லை. குளிர்ந்த பெருவெள்ளத்தில் பித்தளை அல்லது செம்புக் குழல் ஆழத்திற்குச் செல்லும். கோடையில் நீர் வற்றியபோது இலேசான பிளாஸ்டிக் குழலே தகும்.

முதல் நாள், நண்பர் அழகிய ஈ ஒன்றை என் கையில் கொடுத்து, “இதைப் பிரியுங்கள்” என்றார். நான் திகைத்தேன். தலைப்பகுதியின் நூலை அறுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, மயிரையும் சரிகையையும் வரிசையாகத் தாளில் வைத்தேன். கடைசியாகக் கட்டியது முதலில் வந்தது. முதலில் கட்டியது கடைசியில் வந்தது. அந்த வரிசையைத் திருப்பினால் அதுவே பாடம்! பிரோரா என்னும் ஊரருகே வாழ்ந்த புகழ்பெற்ற கலைஞர் மேகன் பாய்ட் அம்மையாரும் சிறுமியாக இருந்தபோது இவ்வாறு பிரித்துக் கட்டித்தான் கற்றார் என்று நண்பர் சொன்னார். 1971-இல் அரசு விருது பெற்ற அவ்வம்மையார், ஈ கட்டுவதோடு நின்றாரேயன்றிச் சால்மன் பிடிக்கச் சென்றவர் அல்லர்.

இனிக் கட்டும் முறை. மேசையோரம் திருகிய இடுக்கியில் ஓர் ஊசியைப் பொருத்தி, அதில் ஓர் அங்குலக் குழலைச் செருகவேண்டும். நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் அமைத்து, வெள்ளிச் சரிகையால் உடலை மூடவேண்டும். பிறகு சாயமிட்ட நரிமயிரைச் சிறு கற்றையாக வைத்து இறுக்கி, முடிச்சிட்டு, வார்னிஷ் பூசவேண்டும். சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள். என் கையிலோ நூல் தளர்ந்தது. மயிர் குழலைச் சுற்றி உருண்டது. முடிச்சுக்கு இடமின்றித் தலை பெருத்தது. எட்டு முறை அறுத்தெறிந்தேன்.

அப்போது என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “பூத் தொடுக்கும்போது நூலைத் தளர விடுவார்களா? அள்ளி வைப்பதைக் குறைத்து, இழுத்துப் பிடியுங்கள்” என்றாள். மல்லிகை தொடுத்த கை அவளுடையது. அவள் கட்டிய முதல் ஈயே நிமிர்ந்து நின்றது. நண்பர் அதைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

என்னை வருத்தியது வேறொன்று. எட்டு முறையும் நண்பர் என் கையிலிருந்து நூலை வாங்கவே இல்லை. “மறுபடியும்” என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தார். ஆசிரியப் பயிற்சியின்போது ‘செய்து கற்றல்’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் வகுப்பில், பின் வரிசைப் பையன் ஒருவன் கவராயத்தை வைத்துத் தடுமாறினால், நேரமாகிறது என்று அதைப் பிடுங்கி நானே வட்டத்தை வரைந்து விடுவேன். வட்டம் சரியாக அமைந்தது, பையன் கற்கவில்லை. அவனுக்கு உதவினேன் என்றே முப்பது ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அவன் பறிகொடுத்தது என்ன என்பதை அந்த மேசையில்தான் அறிந்தேன்.

ஒன்பதாவது ஈ ஒருவாறு தேறியது. அதைக் கொண்டு நண்பர் ஆற்றில் மீன் ஒன்றைப் பிடித்தார். நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். பிரிட்டனின் சால்மனை அழியும் இடருக்கு உள்ளான இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023-இல் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் அகப்படும் சால்மனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்று ஆற்றுக்கே திரும்புகின்றன. எதிர்முள் இல்லாத ஒற்றைச் சிறு முள்ளைக் குழல் ஈயில் எளிதாகப் பொருத்தலாம் என்பதும் அதன் நன்மைகளுள் ஒன்று. “விடுவதற்காகவா இவ்வளவு பாடு?” என்று கேட்டேன். “ஆற்றங்கரையில் நிற்பவன்தானே ஆற்றின் நோயை முதலில் அறிவான்?” என்றார் அவர்.

கடையில் ஈ விலைக்குக் கிடைக்கிறது. ஆயினும் தானே கட்டியவனுக்கு ஒவ்வொரு மயிரும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியும். உங்கள் வீட்டில் ஒரு குழந்தை எதையேனும் தப்பும் தவறுமாகச் செய்து கொண்டிருந்தால், அன்பர்களே, சற்றுப் பொறுங்கள். அதன் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.