ஓடில்லாத நத்தைக்கு இனம் தீர்ப்பது எப்படி?

(கொடும்பாளூரில் பேசியது)



கடலே கண்ணில் படாத கொடும்பாளூரில் நின்றுகொண்டு கடல் நத்தையைப் பற்றிப் பேச வந்தால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இதே புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரை ஊர்கள்தாம். அன்றியும் நான் பேச வந்தது நத்தையைப் பற்றி மாத்திரமல்ல. ஒரு ஜீவன் இன்ன இனம் என்று எதைக்கொண்டு தீர்மானிப்பது என்பதே இன்றைய விஷயம்.

பெயரைக்கொண்டு தீர்மானிக்கலாமா? நம் கரையோரத்தில் 'கடல் அட்டை' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அதற்கும் நம் காலைக் கடிக்கும் அட்டைக்கும் யாதொரு உறவுமில்லை. அது நட்சத்திர மீனுக்குச் சொந்தம். ஆகவே பெயர் வழி காட்டாது.

அப்படியானால் பழைய பெரியவர்கள் சொல்லை நம்பலாமா? வெளியே ஓடு தெரியாத கடல் நத்தைகளில் ஒன்றுக்குக் 'கடல் முயல்' என்று பெயர். அதன் தலையில் முயல் காதுபோல் இரண்டு நிமிர்ந்திருக்கும். சுமார் 1,900 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் பிளினி என்ற பெரிய பண்டிதர், இந்தியக் கடலில் உள்ள கடல் முயலைத் தொட்டாலே வாந்தியெடுத்து வயிறு கெட்டுப்போகும் என்று எழுதிவைத்தார். அவர் இந்தியக் கடலைக் கண்ணால் கண்டவரல்ல. எவரோ சொன்னார், இவர் எழுதினார், உலகம் நம்பிற்று! கி.பி. 158-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவில் அபுலேயஸ் என்பவர் ஒரு பணக்கார விதவையை மந்திரத்தால் மயக்கி மணந்தார் என்று வழக்காடினார்கள். அவர் கடல் முயலைத் தேடச் சொன்னார் என்பதும் அதற்கு ஒரு சாட்சியாம்! தாம் மீன்களை ஆராய்ச்சிக்காகவே வரவழைத்துப் பார்ப்பதாக அவர் வாதாட வேண்டியிருந்தது.

அந்தக் கடல் முயலின் யோக்கியதை உண்மையில் என்ன? தொந்தரவு செய்தால் ஊதாச் சாயத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். அதன் நரம்பு அணுக்கள் சுமார் 20,000. சில கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. அவற்றை ஆராய்ந்து, ஞாபகம் என்பது மூளையில் எப்படிப் பதிகிறது என்று காட்டிய எரிக் காண்டெல் என்பவர் 2000-ல் நோபெல் பரிசு பெற்றார். மந்திரக்காரன் சாமானாக இருந்தது, மனித அறிவின் மூலத்தைக் காட்டும் சாமானாயிற்று. நத்தை மாறவில்லை; பார்க்கிறவன் மாறினான்.

நிற்க. ஓடே இல்லாத கடல் ஜீவனை நத்தை என்பானேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் ஊர் மூவர் கோவிலைப் பாருங்கள். இன்று நிற்கும் கோவில்கள் இரண்டே. ஆனாலும் மூன்று இருந்தன என்கிறோம். ஏன்? மூன்றாவதன் அடித்தளக் கல் இன்னும் கிடக்கிறது. அதுபோலத்தான் இந்த நத்தையும். முட்டையிலிருந்து வரும் அதன் குஞ்சுக்குச் சின்னஞ்சிறு ஓடு இருக்கிறது. வளரும்போது அதைக் கழற்றிவிடுகிறது. அந்த ஓடுதான் இங்கே அடித்தளக் கல்.

இனி, இனம் பிரித்த கதையைக் கேளுங்கள். 1758-ல் லின்னேயஸ் என்ற மேதாவி, மெத்தென்ற உடம்புள்ள பிராணிகளையெல்லாம் 'புழு' என்ற ஒரே மூட்டையில் கட்டினார். பிறகு கூவியே என்பவர் அறுத்துப் பார்த்து, செவுள் வெளியே தெரியும் நத்தைகளை 1817-ல் தனிக் கூட்டமாக்கினார். 1848-ல் மில்ன் எட்வர்ட்ஸ் என்பவர், செவுள் இருதயத்துக்குப் பின்னே இருப்பவற்றையெல்லாம் சேர்த்துப் 'பின்செவுளி' என்று ஒரு பெருங்கூட்டம் வகுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் புத்தகங்களெல்லாம் அதையே சொல்லின.

நம் பக்கத்திலும் வேலை நடந்தது. இலங்கையில் பிறந்த டாக்டர் கேலார்ட், 1858 முதல் அந்தத் தீவின் ஓடில்லா நத்தைகளை வர்ணித்துப் படமும் எழுதினார். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த வால்டர் எலியட் சேகரித்தவற்றை ஆல்டர், ஹான்காக் என்ற இருவர் ஆராய்ந்து 1864-ல் வெளியிட்டார்கள். இதில் ஒரு கஷ்டம் உண்டு. உயிரோடிருக்கையில் பட்டுப்புடவைபோல் ஜொலிக்கும் இவை, ஸ்பிரிட்டில் போட்டதும் நிறம் வெளுத்துச் சுருங்கிவிடும். ஆதலால் 1906-ல் சார்லஸ் எலியட் என்ற வேறொருவர், கேலார்டின் படங்களையும் பழைய புட்டிகளையும் பக்கத்தில் வைத்து எது எது என்று சரிபார்க்க வேண்டியதாயிற்று. பெரியவர் சொன்னார் என்று அவர் விட்டுவிடவில்லை.

கடைசியில், உடம்பின் அணுவுக்குள் இருக்கும் பரம்பரைச் சரக்காகிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்கும் வழி வந்தது. 2010-ல் முடிவு வெளியாயிற்று: 'பின்செவுளி' என்ற கூட்டமே உறவுக் கூட்டமல்ல! கேலார்ட் பெயரிட்ட எலிசியா கிராண்டிஃபோலியா என்ற பச்சை நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை, பார்வைக்குச் செவுள் வெளித்தெரியும் நத்தைகளைப் போலவே ஓடின்றி இருக்கும். ஆனால் அவற்றைவிட, மழை பெய்தால் உங்கள் தோட்டத்தில் ஊருகிற தரை நத்தைதான் அதற்குக் கிட்டின சொந்தமாம்! பார்வைக்கு ஒன்றாயிருப்பது உறவில் வேறாயிருக்கிறது; வேறாயிருப்பது உறவாயிருக்கிறது.

அறிவு வந்தால் பயமே கூடாது என்று அர்த்தமல்ல. 2023 டிசம்பரில் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் 'நீல டிராகன்' என்ற அழகிய நத்தை ஒதுங்கியது. அது கொட்டும் ஜீவன்களைத் தின்று, அவற்றின் கொடுக்குகளைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். அதைத் தொடாதீர்கள். காரணம் தெரிந்து ஒதுங்குவது புத்தி. காரணம் தெரியாமல் நடுங்குவது மூடத்தனம்.

தோழர்களே! லின்னேயஸைக் கூவியே திருத்தினார். மில்ன் எட்வர்ட்ஸின் கூட்டத்தைப் பின்வந்தவர்கள் கலைத்தார்கள். இதனால் எவருக்கும் கௌரவம் போய்விடவில்லை. இந்தப் பிரிவில் மேல் என்றும் கீழ் என்றும் ஒரு நத்தையும் கிடையாது. யாருக்கு யார் எவ்வளவு கிட்டின உறவு என்ற ஒரே கேள்விதான். மனிதன் வகுத்தது தப்பென்று ருஜுவானால் மனிதனே அதை அழித்து எழுதலாம். நான் சொன்னதையும் சோதித்துப் பாருங்கள். அடுத்த மழையில் தோட்டத்து நத்தை ஒன்றைக் கையில் எடுத்து, நன்றாய்ப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே விடுங்கள். கடலுக்குள் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.