கையெழுத்துக்குப் பிறகும் வழி உண்டு



ஒரு டிரைவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கக் கார் வாங்கப் போனார். விலை பேசினார். முன்பணம் கட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் காரை எடுக்கப் போனார்.

“இன்னும் 18,000 ரூபாய் கட்டுங்கள்” என்றார் விற்பனையாளர்.

“எதற்கு?”

“நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்!”

டிரைவர் சண்டை போடவில்லை. பணமும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி கற்போர் மையத்தில் படித்தவர். விலைச்சீட்டு, ரசீது, ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். எதிலும் அந்த 18,000 இல்லை.

அதையே கடிதமாக எழுதினார்கள். தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக் கொண்டார்கள். பேசிய விலைக்கே கார் வந்தது.

கடிதத்துக்கு மசியாதவர்களும் உண்டு. அப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. சொந்தப் பிழைப்புக்கு வாங்கி, தானே ஓட்டும் வண்டிக்கும் இந்த உரிமை உண்டு.

கடன் வாங்கியிருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். தகராறு கடைக்காரரோடுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் தாளில் 18,000 எழுதியிருந்தால் கதையே வேறு. கையெழுத்து நம்மைக் கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். நகல் வாங்காமல் திரும்ப வேண்டாம். முதலில் படிப்போம்; பிறகு பேனாவை எடுப்போம்.