கண்டதும் பகிர்வதும்

இணையம் நம் நாட்டில் அரிதாயிருந்த 1998 இல், யுனெஸ்கோவின் துணையுடன் கொத்மலைச் சமூக வானொலியில் ஓர் இணையத் திட்டம் தொடங்கியது. நேயர்கள் வினாக்களை அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடினார். மருத்துவ விடயமாயின் வைத்தியர் ஒருவரே எளிய மொழியில் விளக்கியதும் உண்டு. கண்டதைக் கண்டபடி கைமாற்றுவது வேறு. விளங்க வைத்துக் கொடுப்பது வேறு.

இன்று பதுளைத் தோட்ட லயங்களிலும் கைத்தொலைபேசி உண்டு. வேடிக்கைப் படங்கள் நொடியில் பரவுகின்றன. நல்லது, சிரிப்போம். ஆனால், 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்கலாமா? சிரிப்பைப் பகிரும் அதே விரல்கள், மண்சரிவு எச்சரிக்கையையும் உறுதிசெய்து, தமிழில் விளக்கி, அடுத்த லயத்துக்கு அனுப்பட்டும்.